வலை எடுக்கும்வரை இன்றுதான்

எங்கள் குப்பத்தில் யாரையாவது பார்த்து, "நீ உன் பாட்டுக்குப் போ" என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நேரமாகிவிட்டதா என்று வானத்தைப் பார்ப்பார்கள். பழவேற்காடு ஏரியில் பாடு என்றால் முறை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எறா, அதாவது இறால், நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான் உண்டு. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை சுற்றிக்கொண்டே வரும். யார் பாடோ அவர் படகு மட்டும் அந்த இடத்துக்குப் போகும். மற்றவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். இதற்குக் காவல் கிடையாது, வேலி கிடையாது. ஒரு நோட்டு மட்டும் உண்டு.

அந்த நோட்டு எங்கள் வீட்டில் இருந்தது. எழுதுவது என் நைனா. அப்பாவை நைனா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஆந்திரா எல்லை அவ்வளவு கிட்டே இருக்கிறது. நோட்டு எழுதுகிறவருக்குக் கூலி கிடையாது, மரியாதை உண்டு. கூடவே ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒரே பாட்டுக்கு இரண்டு படகு வந்து நின்று, அது எழுதினவரின் தப்பால் என்று முடிவானால், அவர் தன்னுடைய அடுத்த பாட்டை நஷ்டப்பட்டவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். நைனா ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை. அதை அவர் தன் வாயால் சொல்ல மாட்டார். யாராவது சொன்னால் மட்டும் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்று முழுவதும் கேட்டுவிட்டுத்தான் நகருவார்.

நான் பொன்னேரியில் கல்லூரி முடித்துவிட்டு பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் வைரஸ் வந்து படுத்துவிட்டது. பழுது பார்க்கிறவர் அதைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அந்த உதட்டைப் பார்த்து வந்த கோபத்தில் நானே எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு கட்டற்ற மென்பொருளைப் போட்டேன். அது காசு கேட்காது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நான் பார்த்தேன், திருத்தினேன். திருத்தப்போய் இரண்டு தடவை திரை கறுத்துப்போனது. அதையும் நானே சரிசெய்தேன். அன்றைக்கு உனக்கு ஏறின தலைக்கனம் இன்னும் இறங்கவில்லை என்று அம்மா சொல்வாள். இறக்கி வைக்க எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை.

அந்த மென்பொருளை உருவாக்குகிறவர்கள் ஒரு போட்டி அறிவித்தார்கள். அதில் ஓடுகிற மாதிரி ஒரு ஆப் எழுத வேண்டும். மூன்று மாதம் அவகாசம். எழுதிய நிரலை எல்லோரும் படிக்கத் திறந்து வைக்க வேண்டும். முக்கியமாக, நிஜமான மனிதர்கள் நாலு பேராவது அதை தினம் பயன்படுத்த வேண்டும். முதல் பரிசு வாங்கும் ஆப் அடுத்த பதிப்பில் உலகம் முழுவதும் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் தானாகவே இருக்கும். போட்டிப் பக்கத்தில் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வானிலை, குறிப்பேடு, பாட்டு கேட்கும் பெட்டி, மறுபடி வானிலை. ஜன்னலைத் திறந்து பார்த்தால் தெரியும் வானிலைக்கு எத்தனை ஆப் வேண்டும் இவர்களுக்கு என்று சிரித்தேன். நான் பாடு எழுதினேன்.

எழுதுவது கஷ்டமாக இல்லை. நோட்டில் இருக்கும் பெயர்களை வரிசையாக ஏற்றினால் இன்றைக்கு எந்த இடம் யார் பாடு என்று பெரிய எழுத்தில் திரையில் வரும். தேதி மாறினால் பெயர் மாறும். குப்பத்தில் சாவு விழுந்தால் யாரும் ஏரிக்குப் போக மாட்டார்கள். அன்றைக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் முறை அப்படியே நின்று மறுநாளுக்குத் தள்ளிப்போகும். நைனாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். வலை பின்னும் கொட்டாயில் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டேன்.

"நோட்டுக்கு இன்னா கொறச்சல்?" என்றார்.

"நோட்டு உன் பொட்டியில தூங்குது. ஸ்கிரீன் இங்க கொட்டாயில நிக்கும். எப்ப வேணா வந்து பாத்துக்கலாம்."

"தப்பா காட்டுனா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது நைனா." இதைக் கொட்டாய் முழுவதும் கேட்கும்படி சொன்னேன்.

நைனா ஒருவாறு தலையாட்டினார். நோட்டும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்றார். கடையில் தூக்கிப் போடக் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் மானிட்டரைக் கொட்டாயின் தூணோடு சேர்த்து நைலான் கயிற்றால் கட்டினோம். அந்த முடிச்சைப் போட்டது நைனா. இன்றுவரை அவிழவில்லை.

எல்லா ஆப்பிலும் 'இதைப் பற்றி' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். என் ஆப்பின் பெட்டியில் என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். நைனா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் படித்தார்.

"கீழ இன்னாமோ கீதே?"

"குறை இருந்தா இவங்ககிட்ட சொல்லுங்கனு. அது எல்லாத்துலயும் போடறது தான்."

"அப்போ தப்புனா உன்கிட்ட தான் வருவாங்க."

"வரட்டும். இன்னா இப்போ?"

நைனா பீடியைத் தேடினார். அவருடைய அடுத்த பாடு அப்போது வருகிற கார்த்திகை அமாவாசைக்கு விழுந்திருந்தது. மழையில் ஏரி நிரம்பித் தண்ணீர் கடலுக்கு இழுக்கும் காலம், அதில் அமாவாசை, அதில் முகத்துவாரத்து இடம். இந்த மூன்றும் ஒருவருக்கு ஒன்றாக அமைவது அபூர்வம். நைனாவுக்கு நாலு வருஷமாக அமையவில்லை. அதற்கென்றே புதிதாக வலை முடித்து, மூங்கில் சீவி, தயாராக வைத்திருந்தார்.

ஆறு வாரம் திரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. முதலில் சிரித்தவர்கள்கூட டீ குடிக்கப் போகும்போது ஒரு எட்டு வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இதற்கிடையில் போட்டிக்கு அனுப்பியிருந்த ஆப்பைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு பரிசோதகரைப் போட்டிருந்தார்கள். ரொம்ப மரியாதையான மனிதர். ஆப் முழுவதும் தமிழில் இருந்ததால் அவர் மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றின் வழியாக அதைப் பார்த்திருக்கிறார். 'உங்கள் ஆப் மிகவும் அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பொத்தானும் என்னைப் பாடச் சொல்வது ஏன்? மீனவர்கள் வலை போடும் முன் பாடுவார்களா?' என்று எழுதியிருந்தார். கடையில் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு பொறுமையாக விளக்கி எழுதினேன்.

அவருடைய அடுத்த கடிதத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசித் தேதிக்கு நாலு நாள் இருந்தது. 'உங்கள் ஊர் நேரப்படி நள்ளிரவு தாண்டி ஐந்தரை மணி நேரத்துக்கு ஆப் முந்தைய நாளின் பெயரையே காட்டுகிறது. இது பிழை என்று நினைக்கிறேன்' என்றார்.

பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. கம்ப்யூட்டருக்குள் இரண்டு நேரம் உண்டு. ஒன்று நம் ஊர் நேரம். இன்னொன்று உலகத்துக்கெல்லாம் பொது நேரம். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நான் எழுதுகிற அவசரத்தில் பொது நேரத்தை எடுத்துவிட்டிருக்கிறேன். அதனால் பன்னிரண்டு மணிக்கு மாற வேண்டிய தேதி என் ஆப்பில் விடிகாலை ஐந்தரைக்குத்தான் மாறியது. முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கிற தப்பு. காது மடல் சுட்டது. உலகம் முழுவதும் படிக்கிற பக்கத்தில் இதை ஒருவர் எழுதிவிட்டாரே என்று இருந்தது. ஒரே ஒரு வரியை மாற்றினேன், கொட்டாயில் ஓடுவதையும் புதுப்பித்தேன், 'சரிசெய்துவிட்டேன், நன்றி' என்று பதில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் சத்தம் கேட்டது. இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் அம்மா வழியில் எனக்கு மாமா முறை. அவர் லுங்கியெல்லாம் சேறு. இன்னொருவர் எதிர்வீட்டு அண்ணன். முந்தின இரவு முகத்துவாரத்து இடம் மாமாவின் பாடு. அவர் சாயங்காலமே வலை கட்டிவிட்டுக் காத்திருந்திருக்கிறார். தண்ணீர் இழுக்கத் தொடங்கியது ஒரு மணிக்கு மேல். அந்த நேரத்தில் அண்ணனின் படகு வந்து குறுக்கே வலையை விட்டிருக்கிறது. இரண்டு வலையும் சிக்கி, இழுத்து, மாமாவின் வலை கிழிந்து, எறா முழுக்கக் கடலுக்குப் போய்விட்டது.

"எனக்கு நாளைக்கி பாடுனு தான் ஞாபகம். நடுராத்திரி ஒண்ணுக்கு எழுந்தவன் சும்மா ஸ்கிரீனப் பாத்தேன். என் பேர் கீது. ஆள எழுப்பிக்கினு ஓடனேன்" என்றார் அண்ணன். என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுனு நீ தானம்மா சொன்னே?"

எனக்கு இன்னும் புரியவில்லை. "மணி பன்னண்டு தாண்டிச்சுனா அது அடுத்த நாள் தானே அண்ணே?" என்று கேட்டேன்.

மாமா என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வலைய எடுக்காம நாள் எப்படிம்மே மாறும்?"

வாயில் பேஸ்ட் நுரையோடு அப்படியே நின்றேன். எங்கள் ஊரில் இரவு இரண்டு மணிக்கு ஏரியில் நிற்கிறவனிடம் கேட்டாலும், சாயங்காலம் வலை கட்டியதை 'இன்னிக்கி' என்றுதான் சொல்வான். விடிந்து, வலையைத் தூக்கி, கரைக்கு வந்த பிறகுதான் அவனுக்கு அது நேற்று. இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஆறு வாரம் என் ஆப் சரியாக ஓடியதே அந்தத் தப்பால்தான். விடிகாலை ஐந்தரைக்கு, வலை எடுக்கிற நேரத்துக்கு, தேதி மாறிக்கொண்டிருந்தது. நான் அதைத் திருத்தப்போய்க் கெடுத்திருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அன்று சாயங்காலம் கொட்டாயில் ஊர்க்கூட்டம். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்கார்வதில்லை. நிற்கலாம், அதுவும் ஓரமாக. நான் மானிட்டர் கட்டியிருந்த தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். நைனா நோட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். எல்லோருக்கும் ஒரே பேச்சு. தப்பு நடந்தது நைனா பொறுப்பில். நைனாவின் பாட்டை மாமாவுக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கார்த்திகை அமாவாசைப் பாட்டை. அதைச் சொல்ல அவர்களுக்கே சங்கடமாக இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "தப்பு என்னுது" என்றேன். "நைனாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான் தான் மாத்துனேன்."

"கம்முனு இரும்மா" என்று யாரோ சொன்னார்கள்.

நைனா நோட்டைத் திறந்தார். முந்தின நாளின் பக்கத்தைக் காட்டினார். மாமாவின் பெயர் ஒழுங்காக இருந்தது. "என் நோட்டுல தப்பு இல்ல" என்றார். "பாத்துக்கங்க. நான் எதையும் குடுக்க வேணாம்."

பிறகு எழுந்து வந்து, என்னைப் பார்க்காமலே, மானிட்டரைக் காட்டி, "அந்தச் சின்ன பொட்டியத் தொற" என்றார். திறந்தேன். என் பெயர் பெரிதாக வந்தது. கீழே, குறை இருந்தால் இவரிடம் சொல்லுங்கள் என்ற வரி. நைனா அதை எழுத்துக்கூட்டாமல் சத்தமாகப் படித்தார்.

"தப்புனா யார்கிட்ட போவணும்னு எழுதிக் கீது பாருங்க. இத எழுதனது அவ. இந்த ஸ்கிரீன் நோட்டு அவளுது. குடுக்கறதுனா அவ தான் குடுக்கணும்."

ஊர் நடுவில் என் நைனா என்னைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நானே ஒப்புக்கொண்ட தப்புதான். ஆனாலும் அது அவர் வாயிலிருந்து வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அழக்கூடாது என்று மானிட்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மாமாதான் கேட்டார். "இன்னா பேசறே நீ? அது பொம்பளப் புள்ள. அதுக்கு ஏது பாடு? இல்லாதத எப்படி குடுக்கும்?"

"அதான் நானும் சொல்றேன்" என்றார் நைனா. பேனாவை எடுத்தார். அமாவாசைக்கு நேராக இருந்த தன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் என் பெயரை எழுதினார். அவர் என் பெயரை எழுதி அன்றைக்குத்தான் பார்த்தேன். "இப்ப அவளுக்குப் பாடு கீது" என்றார். அடுத்து அந்தப் பெயரையும் அடித்துவிட்டு மேலே மாமாவின் பெயரை எழுதினார். "குடுத்துட்டா. செரியா?"

எங்கள் குப்பத்தின் நோட்டில் ஒரு பெண்ணின் பெயர் அதற்கு முன் ஏறியதே இல்லை. அடிப்பதற்காகவே ஏறிய பெயரை எதிர்த்து என்ன சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாமா நோட்டை எட்டிப் பார்த்தார். "உஷாரான ஆளுய்யா நீ" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய் ஆப்பைத் திருத்தினேன். இந்தத் தடவை பழைய தப்பை அப்படியே திரும்ப வைக்கவில்லை. 'நாள் எப்போது மாறும்?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்தேன். அதற்கு விடையாக 'வலை எடுக்கும்போது' என்று முன்கூட்டியே வைத்தேன். பரிசோதகருக்கு நடந்தது முழுவதையும் எழுதினேன். கிழிந்த வலையையும் விடவில்லை. 'நீங்கள் சொன்னது உங்கள் ஊருக்குச் சரி. எங்கள் ஊருக்குச் சரி இதுதான். கெஞ்சவில்லை, தெரிவிக்கிறேன்' என்று முடித்தேன். மறுநாளே பதில் வந்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்ப்பவராம். என் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினாராம். 'வேலை முடிந்து வீட்டுக்கு வரும்வரை எனக்கும் அது அதே நாள்தான்' என்றாராம் அந்த அம்மாள்.

முதல் பரிசு ஒரு வானிலை ஆப்புக்குப் போனது. எரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். எனக்குப் பாராட்டுச் சான்றிதழும் ஒரு டி-ஷர்ட்டும் வந்தன. டி-ஷர்ட்டுக்குள் என்னைப்போல இரண்டு பேர் நுழையலாம். ஆனால் 'நாள் எப்போது மாறும்' என்று நான் எழுதிய அந்த நிரல் துண்டை மட்டும் அவர்கள் தங்கள் நாட்காட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். இரவில் வேலை பார்க்கிற யாரோ எங்கேயோ அதைப் பயன்படுத்துகிறார்கள். அது எனக்குப் பரிசைவிடப் பெரிது என்று அப்போது பொய்யாகச் சொன்னேன். இப்போது உண்மையாகவே சொல்கிறேன்.

கார்த்திகை அமாவாசைக்கு மாமாவின் படகு போனது. காலையில் எறா கூடை கூடையாக வந்து இறங்கியதை நைனா கரையில் நின்று பார்த்தார். புது வலை வீட்டு மூலையில் சுருட்டியபடியே கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த சுற்று வந்தது. ஒரு நாள் மதியம் கடையிலிருந்து திரும்பும்போது கொட்டாயில் நாலு பேர் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். முகத்துவாரத்து இடத்துக்கு நேராக என் பெயர் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஏற்றவில்லை. நோட்டில் இருப்பதைத்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏற்றுவேன். அந்தச் சுற்றை, நான் கடையில் இருந்த நேரத்தில், நைனா சொல்லச் சொல்ல டீக்கடைப் பையன் ஏற்றியிருந்தான். வீட்டுக்கு ஓடி நோட்டை எடுத்துப் பார்த்தேன். விட்டுக்கொடுத்தது ஒரு பாட்டைத்தான். ஆனால் தன் பெயர் வர வேண்டிய இடத்தில் நைனா இந்தச் சுற்றிலும் என் பெயரையே எழுதியிருந்தார்.

சாயங்காலம் அவர் அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, புது வலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொட்டாய்ப் பக்கம் வந்தார். படகு தள்ள ஆட்கள் கரையில் காத்திருந்தார்கள். பாடு உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே யாரும் படகு எடுப்பதில்லை. சொந்த அண்ணன் தம்பியாக இருந்தாலும் கேட்க வேண்டும்.

நைனா என் முன்னால் வந்து நின்றார். "இன்னிக்கி உன் பாடு. படகு எடுக்கட்டுமா?"

"எடு நைனா" என்றேன். குரல் சரியாக வரவில்லை. அவர் கேட்காததுபோல நின்றுகொண்டே இருந்தார். அதனால் இன்னொரு தடவை, கொட்டாய் முழுவதும் கேட்கும்படி சொன்னேன்.